மூன்றாவது வரியில் எழுதிய தண்ணீர்

2024 ஆகஸ்டில் வெளிவந்த ஓர் ஆண்டறிக்கையின் வாக்கியம் ஒன்று இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. “நிறுவனத்தின் நிலத்தடி நீர் எடுப்பு முந்தைய ஆண்டைவிடக் குறைந்துள்ளது.” ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்கிறேன். அந்த வாக்கியத்தில் பொய் கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் எண்களில் ஓசூர் ஆலைக்குரியவற்றை எழுதி அனுப்பியவளே நான்தான். மீட்டர் அளவு, லாரிச் சீட்டு, மின்கட்டண ரசீது, ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் பில் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஓர் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. ஆனாலும் அச்சில் அந்த வாக்கியத்தைப் படித்தபோது, கூடப் பிறந்தவளைப் பற்றி யாரோ தப்பாகப் பேச, அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றதுபோல் இருந்தது.

நான் வேலை பார்த்தது மின்னணுப் பலகைகளில் பாகங்களைப் பொருத்தும் ஓர் ஆலையில். பெயர் இங்கே தேவையில்லை. நான்கு மாநிலங்களில் ஆலை வைத்திருக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு தொழில்நுட்ப நிறுவனம் என்ற அளவு போதும். ஆலை என்றால் புகைபோக்கி என்று நினைத்திருந்த என் அம்மா, முதல் முறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே” என்றார். உண்மையில் அப்படித்தான் இருக்கும். வெள்ளை அங்கி, தலைக்குத் துணித் தொப்பி, குளிர்ந்த காற்று. அந்தக் குளிர்ந்த காற்றுக்குப் பின்னால்தான் தண்ணீர் இருக்கிறது. கூரைமேல் நிற்கும் கூலிங் டவர்கள் இரவும் பகலும் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். மூன்று ஷிஃப்டுக்கும் சோறு வடிக்கும் கேன்டீன் இருக்கிறது. விடுதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களுக்கான கழிப்பறைகள் இருக்கின்றன. பலகைகளைக் கழுவ உப்பு நீக்கிய நீர் வேண்டும். புகை இல்லாத தொழில் என்பது சரி. தண்ணீர் இல்லாத தொழில் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

கணக்கு எழுதும் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021இல் கொண்டுவந்த ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’, 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. அதில் தண்ணீருக்கு ஓர் அட்டவணை உண்டு. முதல் வரி மேற்பரப்பு நீர். இரண்டாவது வரி நிலத்தடி நீர். மூன்றாவது வரி பிறரிடமிருந்து பெற்ற நீர். பிறகு கடல் நீர், மற்றவை. ஆலை வளாகத்துக்குள் நாங்கள் போட்ட போர்வெல்லிலிருந்து மேலே வருவது இரண்டாவது வரியில் சேரும். லாரியில் வாங்குவது மூன்றாவது வரியில் சேரும். இதில் எந்தத் தவறும் இல்லை. வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது.

2023இல் மழை சரியாக இல்லை. 2024 மாசியிலேயே எங்கள் இரண்டு போர்வெல்களில் ஒன்று காற்றைக் கக்கத் தொடங்கிவிட்டது. இன்னொன்று இரண்டு மணி நேரம் ஓடினால் நான்கு மணி நேரம் ஓய்வு கேட்டது. அந்தக் கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததை நாடே பேசியது. அங்கே லாரித் தண்ணீரின் விலை ஏறியதும் மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் ஏறியது. எங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று நடை வந்துகொண்டிருந்த லாரி ஒன்பது நடை வரத் தொடங்கியது. ஒரு லாரி 12,000 லிட்டர். நிதியாண்டு முடிந்து கூட்டிப் பார்த்தபோது இரண்டாவது வரி குறைந்திருந்தது, மூன்றாவது வரி கூடியிருந்தது. எங்கள் போர்வெல் வறண்டதுதான் அந்தக் குறைவு.

லாரியில் ஏறிய நாள்

கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். சிறு வயதுக்காரர், பொறுமையானவர். எதையும் வாய்வார்த்தையாக ஏற்றுக்கொள்ள மாட்டார். மீட்டர்களின் அளவுத் திருத்தச் சான்றிதழைக் கேட்டார். லாரிச் சீட்டுகளை உருவி எடுத்து ரசீதோடு ஒப்பிட்டார். மஞ்சள் நிறத்தில் உள்ளங்கை அகலம் இருக்கும் அந்தச் சீட்டுகளை மாதவாரியாக ரப்பர் வளையம் போட்டு ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக ஒன்று கேட்டார்: “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” ஒப்பந்தக்காரர் கொடுத்த கடிதத்தில் ‘தனியார் கிணறு, சூளகிரி வட்டம்’ என்று மட்டும் இருந்தது. “ஒரு புகைப்படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், மேடம்” என்றார். அவர் அதைக் கேட்டிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

மறுநாள் காலை தண்ணீரை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் பேச்சுக்காரர். ஒரு நடைக்கு இவ்வளவு என்று தனக்குக் கூலி என்றும், அதனால் மதியச் சாப்பாட்டை ஓட்டிக்கொண்டே முடித்துவிடுவதாகவும் சொன்னார். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போய், சூளகிரிக்கு முன்பாகவே வண்டி கிளைச் சாலைக்குத் திரும்பியது. முதலில் நான் கவனிக்கவில்லை. முனியப்பன் கோயில் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைத் தாண்டினால் மூன்று புளியமரங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தன, ஒன்று மட்டும் இப்போது இல்லை. யானை படுத்ததுபோல் ஒரு பாறைக்குன்று, சீமைக் கருவேலம் அடைத்த ஏரி, ஏரிக்கரையைச் சுற்றி வளையும் மண் பாதை. என் அம்மா பிறந்த ஊருக்குப் போகும் வழி அது. பள்ளி விடுமுறை ஒவ்வொன்றிலும் நான் போன வழி.

லாரி ஊருக்குள் போகவில்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றது. நான்கு தூண் நட்டு மேலே தகரம் போட்ட கொட்டகை, மோட்டார், வளைத்து உயர்த்திய இரும்புக் குழாய். லாரியின் வாயில் குழாயைச் சொருகியதும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தோட்டத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்து ஒரு கோடு போட்டார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, என் தாத்தாவின் பெயரைச் சொல்லி, “அவர் பேத்திதானே?” என்றார். ஆமாம் என்றேன். உடனே கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அவர் மறைக்கும்படியாக எதுவும் பேசவில்லை. போர்வெல் 1,150 அடி. அதற்கு முன் போட்ட இரண்டும் தோற்றுவிட்டன. அவற்றுக்கு வாங்கிய கடனைத்தான் இப்போது அடைத்துக்கொண்டிருக்கிறார். தக்காளியும் குடைமிளகாயும் வைத்தவர். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கூடையைக் கொண்டுபோய், பறிப்புக் கூலிகூடத் தேறாமல் திரும்பிய நாட்களைச் சொன்னார். “லாரிக்காரர் சாயங்காலமே கணக்கு முடித்துவிடுகிறார், பாப்பா. தக்காளி அப்படிக் கொடுக்குமா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அவரைக் குற்றவாளியாக நிறுத்த நினைப்பவர்கள் ஒரு பருவம் தக்காளி வைத்துப் பார்க்க வேண்டும்.

லாரி நிரம்பும்வரை இரண்டு வயல் தள்ளி நடந்தேன். அங்கே என் மாமாவின் கிணறு இருக்கிறது. கருங்கல் கட்டிய திறந்த கிணறு. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நான் நீச்சல் கற்ற கிணறு. எட்டிப் பார்த்தேன். அடியில் வேப்பிலைச் சருகும் இரண்டு பிளாஸ்டிக் குடமும் கிடந்தன. அந்தப் போர்வெல்தான் இந்தக் கிணற்றை வற்ற வைத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. நம் பக்கம் பாறைநிலம். மேலே சிதைந்த பாறையில் ஊறும் நீர் வேறு, ஆயிரம் அடியில் வெடிப்புகளில் நிற்கும் நீர் வேறு. இரண்டுக்கும் இடையே எங்கே வழி இருக்கிறது, எங்கே இல்லை என்று மேலே நின்றுகொண்டு சொல்ல முடியாது. கிணறு வற்றியதும் பல ஆண்டுகளுக்கு முன்பு. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அந்த விளிம்பில் நின்றபோது என் கையிலிருந்த மஞ்சள் சீட்டு கனத்தது. அலுவலகத்தில் ‘பிறரிடமிருந்து பெற்ற நீர்’ என்று மாதாமாதம் நான் எழுதிய அந்தப் ‘பிறர்’ என் தாத்தாவின் பெயரைச் சொல்கிறவர். பெற்றது நிலத்தடி நீர். எங்கள் ஏரியின் கீழ் இருக்கும் நீர்.

படம் எடுத்தேன். கைப்பேசி தானாகவே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மூலையில் பதித்துக்கொண்டது. தணிக்கையாளர் அதைப் பார்த்து, சான்று போதும் என்று குறித்துக்கொண்டார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார். வாங்கிய நீர் வாங்கிய நீர்தான். மூன்றாவது வரி அசையவில்லை.

கூட்டினால் என்ன ஆகிறது

அதன்பிறகு பல வாரங்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கே தவறு நடந்தது? யாரும் பொய் எழுதவில்லை. படிவத்திலும் ஓட்டை இல்லை. கடைசியில் எனக்குப் பிடிபட்டது கரிக்கணக்கை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான்.

கரியமில வாயுவைக் கூட்டலாம். ஓசூரில் ஒரு டன் வெளியேறினாலும் நொய்டாவில் வெளியேறினாலும் சேர்வது ஒரே வானத்தில். மின்சாரத்துக்கும் அப்படித்தான். நாடு முழுவதும் ஒரே மின்கட்டமைப்பாக இணைந்துவிட்டது. மத்திய மின்சார ஆணையம் தரும் ஒரே காரணியை, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பதை, எந்த ஆலையின் யூனிட்டோடும் பெருக்கலாம். ஆலையில் நேரடியாக எரிப்பது முதல் வகை, வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை, மற்றதெல்லாம் மூன்றாம் வகை என்று உலகம் முழுவதும் நிறுவனங்கள் பிரித்து எழுதும் முறை 2001இல் வந்த பசுங்குடில் வாயு நெறிமுறையிலிருந்து வருகிறது. அந்த முறை நல்ல முறை. கூட்டி ஒரே எண்ணாகக் காட்டினால்தான் ஒரு நிறுவனம் போகும் திசை தெரியும். மைக்ரோசாஃப்ட் 2030க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியை நீக்குவதாக 2020இல் அறிவித்தது. 2024 அறிக்கையில், தன் உமிழ்வு 2020ஐவிட 29 சதவீதம் கூடிவிட்டதாக அதுவே எழுத வேண்டியிருந்தது. கூகுளும் அதே ஆண்டு 2019ஐவிட 48 சதவீதம் கூடியிருப்பதை எழுதியது. தரவு மையங்கள் பெருகியது இரண்டிலும் பெரிய காரணம். தன் வாயால் தன் தோல்வியைச் சொல்ல வைக்கும் ஒரு கணக்கு முறையை நான் மதிக்கிறேன்.

தண்ணீரை அப்படிக் கூட்ட முடியாது. கடலோர ஆலையில் மாநகராட்சிக் குழாயில் வந்த ஒரு கிலோலிட்டரும், சூளகிரியில் 1,150 அடியிலிருந்து இழுத்த ஒரு கிலோலிட்டரும் தாளில் மட்டும்தான் சமம். இங்கே குறைந்ததை அங்கே மிச்சப்படுத்தி ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் அங்கே மிச்சமானது ஒருபோதும் இந்த ஏரிக்கு வந்து சேராது. இடம் மட்டும் அல்ல, காலமும் அப்படித்தான். ஏப்ரலில் நாங்கள் ஒன்பது நடை வாங்கிய அதே 2024இல், டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நிரம்பி வழிந்த வேகத்தில் வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏப்ரல் லிட்டரும் டிசம்பர் லிட்டரும் ஆண்டுக் கூட்டுத்தொகையில் ஒன்றாகிவிடுகின்றன. இதற்கு மேல், வருவாயில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வகுத்தலும் படிவத்தில் உண்டு. விற்கும் பொருளின் விலை ஏறினால் ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் அந்த எண் குறைந்துவிடும். நான் பார்த்த ஆண்டில் அது நன்றாகவே குறைந்தது.

தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குப் புளோரைடைப் பற்றி விளக்கத் தேவையில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். அதைத் தாண்டிய கிணறுகளில் குடித்து வளர்ந்தவர்களின் கறை படிந்த பற்களை நாம் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. போர்வெல் ஆழமாகப் போகப் போக, எங்கள் ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் உப்பு ஏறிக்கொண்டே போனதை ஆய்வகத் தாளில் மாதந்தோறும் பார்த்தேன். ஆண்டறிக்கையின் நீர் எடுப்பு அட்டவணை கேட்டது எத்தனை கிலோலிட்டர் என்பதை மட்டும்தான்.

ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணையில் நுரை வரும் நாட்களில் எங்கள் ஆலைப் பெண்கள் விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து பெங்களூரின் கழிவுநீர் அந்த ஆற்றில் சேர்கிறது. அந்த ஏரிகளைச் சுற்றி நாட்டின் புகழ்பெற்ற தொழில்நுட்ப வளாகங்கள் இருக்கின்றன. நுரைக்கு அந்த வளாகங்கள் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பகுதி வீடுகளின் சாக்கடை, துணி சோப்பு. ஒரு நிறுவனம் தன் வளாகச் சுவருக்குள் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்துவிட்டு, வெளியே ஒரு சொட்டும் விடவில்லை என்று உண்மையாகவே எழுதலாம். அங்கே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போனபின் விடும் தண்ணீர் அந்தக் கணக்கின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. எல்லையை நிறுவனம் வரைகிறது. நுரையை ஓசூர் பார்க்கிறது.

டேல்ஸ் நகரம்

இந்தக் கோபத்தோடு நான் படித்தவற்றில் என்னை நிறுத்திய செய்தி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துடையது. கொலம்பியா ஆற்றங்கரையில் டேல்ஸ் என்று ஒரு சிறிய நகரம். கூகுளுக்கு 2006 முதல் அங்கே தரவு மையம் இருக்கிறது. அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு நாளிதழ் கேட்டது. அது வணிக ரகசியம் என்று சொல்லி, எண்ணை வெளியிடாமல் இருக்க நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்கே போனது. ஓர் ஆண்டுக்கும் மேல் இழுபறி. 2022 டிசம்பரில் நகரம் வழக்கைக் கைவிட்டு எண்ணைக் கொடுத்தது. 2021இல் மட்டும் 35.5 கோடி காலன், நம் கணக்கில் ஏறக்குறைய 134 கோடி லிட்டர். நகரத்தின் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் மேல். இப்போது கூகுள் தன் சுற்றுச்சூழல் அறிக்கையில் தரவு மையம் வாரியாகத் தண்ணீரைப் பட்டியலிடுகிறது.

அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: அந்த நிறுவனத்தின் உலகக் கூட்டுத்தொகை அதற்கு முன்பே வெளியில் இருந்தது. அதை வைத்து டேல்ஸ்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கள் ஊருக்குரிய ஒரே எண் கையில் வந்ததும் அவர்களால் பேச முடிந்தது.

எங்களிடம் அந்த எண் இருந்தது. எல்லா ஆலைகளிடமும் இருக்கிறது. கூட்டுத்தொகைக்கு முன் ஆலைவாரிக் கணக்கு இல்லாமல் முடியாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு ஆலையும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் ஐந்தாம் படிவத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தன் நீர்ப் பயன்பாட்டையும் எழுதிக் கொடுக்கிறது. செபியின் படிவத்திலும் நீர் நெருக்கடிப் பகுதியில் உள்ள ஒவ்வொரு ஆலைக்கும் அந்தப் பகுதியின் பெயரைச் சொல்லித் தண்ணீர்க் கணக்கைத் தனியே காட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. ஆனால் அது கட்டாயப் பகுதியில் இல்லை, விருப்பம் இருந்தால் நிரப்பும் பகுதியில் இருக்கிறது. நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டத்தை 2013இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, ஊருக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று யாரையும் நிர்ப்பந்திப்பது எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஜூனில் அறிக்கையின் வரைவு வந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன வாக்கியம் அப்போது இன்னும் நீளமாக இருந்தது. ‘ஆலைகளில் மேற்கொண்ட நீர் சேமிப்பு முயற்சிகளால்’ நிலத்தடி நீர் எடுப்பு குறைந்துள்ளது என்று இருந்தது. அன்று இரவே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஓசூரில் குறைந்தது சேமிப்பால் அல்ல, போர்வெல் வறண்டதால். லாரியில் வந்ததும் நிலத்தடி நீரே. குறைந்தபட்சம் ஓர் அடிக்குறிப்பாவது வேண்டும். விருப்பப் பகுதியில் இருக்கும் அந்த அட்டவணையை ஓசூருக்கு நிரப்பித் தருகிறேன். இவ்வளவுதான் கடிதம். இரண்டு நாள் கழித்துத் துறைத் தலைவர் தொலைபேசியில் பேசினார். நாற்பது நிமிடம். அவர் நல்ல மனிதர், என்னைத் தட்டிக்கழிக்கவில்லை. “நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் நான்கு ஆலைகளில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் காட்டினால் கேள்விகள் எல்லாம் அந்த ஒன்றைப் பற்றியே வரும். பக்கத்து ஆலைக்காரர்கள் யாரும் காட்டாதபோது நாம் மட்டும் காட்டினால், இந்த வட்டாரத்தில் தண்ணீர் குடிப்பது நாம் மட்டும்தான் என்று ஆகிவிடும்” என்றார். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று முடித்தார். சேமிப்பு முயற்சி என்ற பகுதி நீக்கப்பட்டது. மிச்சம் அப்படியே அச்சுக்குப் போனது.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஒன்பது நடை என்றால் 1,08,000 லிட்டர். ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். எங்கள் ஆலையின் ஒரு நாள் லாரித் தண்ணீர் அரை ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்சுகிற தண்ணீர்தான். ஆலையை அரக்கனாக்கிக் காட்ட இந்த எண் உதவாது. அது என் நோக்கமும் அல்ல. ஊருக்கு அந்த எண் தெரிய வேண்டும் என்பதே என் நோக்கம். அரை ஏக்கர் பெரிதா, சிறிதா என்பதை அந்த ஏரிக்குக் கீழே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

அக்டோபர் 2

செப்டம்பரில் அந்த வேலையை விட்டேன். வீட்டுக் காரணங்களும் இருந்தன. இப்போது சிப்காட்டில் உள்ள சிறு பட்டறைகளுக்கு, அவர்களின் பெரிய வாடிக்கையாளர்கள் அனுப்பும் சுற்றுச்சூழல் கேள்வித்தாள்களை நிரப்பிக் கொடுக்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு பிரஸ் பட்டறைக்குப் பக்கம் பக்கமாக ஆங்கிலக் கேள்விகள் வருகின்றன. வாடிக்கையாளரின் மூன்றாம் வகைக் கணக்குக்கு இவர்களின் எண் வேண்டும். பதில் போகாவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று அந்த முதலாளிகள் பயப்படுகிறார்கள். நான் ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்: தண்ணீர் லாரி எந்த ஊரிலிருந்து வருகிறது? இதுவரை ஒரு கேள்வித்தாளும் அதைக் கேட்டதில்லை.

காந்தி ஜெயந்தி அன்று மாமா ஊரில் கிராம சபை. மார்ச் 22, உலக தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூட்ட வேண்டும் என்பது இப்போது தமிழ்நாட்டில் நடைமுறை. ஆனால் எனக்கு மார்ச் வரை பொறுக்கவில்லை. எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை என்பதால் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் எழுதவில்லை. கோடையில் நாளொன்றுக்கு 9 லாரி, லாரிக்கு 12,000 லிட்டர் என்று மட்டும் எழுதினேன். நூறு நாள் வேலைச் சம்பளம், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் முடிந்தபின் மாமா எழுந்து படித்தார். லட்சம் லிட்டர் என்று கேட்டபோது யாருடைய முகத்திலும் எதுவும் தெரியவில்லை. மகளிர் குழு அம்மா ஒருவர், “நம் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர்?” என்று கேட்டார். 30,000 என்றார் தொட்டி இயக்குபவர். “அப்படியென்றால் தினமும் மூன்றரைத் தொட்டி” என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னதும்தான் கூட்டத்தில் பேச்சு கிளம்பியது.

தோட்டத்துக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் எழுந்தார். குரலில் கோபம் இல்லை. “பாப்பா எழுதியது அந்த ஒரு கம்பெனிக்குப் போனது மட்டும். என் போரிலிருந்து தினம் பதினாறு லோடு போனது. ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு போர் ஓடியது. அதை யாரும் எண்ணவில்லை” என்றார்.

ஊராட்சிச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தின் மேல் பேனாவை வைத்தபடி, “நான் எதை எழுதட்டும்? ஒன்பதா, பதினாறா?” என்று கேட்டார். மாமா என் பக்கம் திரும்பினார். என்னிடம் இருந்த மஞ்சள் சீட்டுகளின் கணக்கு ஒன்பதோடு முடிந்துவிட்டது. “மூன்று போருக்கும் எண்ணிவிட்டு எழுதலாம்” என்றேன். மற்ற இரண்டு போர்க்காரர்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர், “என் நோட்டு வீட்டில் இருக்கிறது, பத்து நிமிடம்” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். செயலாளர் அந்த வரிக்கு இடம் விட்டு, அடுத்த தீர்மானத்தை எழுதத் தொடங்கினார்.